வாசல் கதவில் ஒரு துண்டு

ஓய்வுபெற்ற அந்த பஸ் டிரைவரை எங்கள் தெருவில் ‘ஹாரன்’ என்றுதான் சொல்வார்கள். ஆளே இல்லாத சாலையிலும் ஹாரன் அடித்துக்கொண்டே போனவர்; அவ்வளவு பயம். மனைவி போன பிறகு, அடுப்பை அணைத்தோமா என்று எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அக்காதான் பொறுக்க முடியாமல் குடியிருப்போர் சங்கத்தில் சேர்த்துவிட்டார்.

“எப்படியும் கவலைப்படத்தான் போற. அத நாலு பேருக்காகப் படு.”

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தனியாக இருப்பவர்கள் காலையில் எழுந்ததும் வாசல் கதவில் ஒரு துண்டைத் தொங்கவிட வேண்டும். ஹாரன் தெருவைச் சுற்றி வருவார். துண்டு இல்லாவிட்டால் கதவைத் தட்டுவார். மனசு கேட்காமல், துண்டு இருந்தாலும் தட்டுவார்.

“உயிரோடதான் இருக்கேன், போங்க” என்று எதிர்வீட்டு டீச்சரம்மா தினமும் எரிந்து விழுவார்.

ஒரு நாள் காலை ஹாரன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பை அசைக்க முடியவில்லை. கூப்பிட்டால் குரல் வாசல்வரை போகவில்லை. ஈரத்தரையில் கிடந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. ஊருக்கெல்லாம் சொன்னவர், தன் கதவில் ஒரு நாளும் துண்டு போட்டதில்லை. அவர் வீட்டில் துண்டு இல்லையே என்று யார் தேடப்போகிறார்கள்?

வெயில் ஜன்னலில் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுத் தச்சர் தாழ்ப்பாளை உடைத்தார். பின்னாலேயே டீச்சரம்மா.

“எப்படிம்மா தெரிஞ்சது? நான் துண்டே போடுறதில்லையே.”

“துண்டு கெடக்குது, விடுங்க. காலையில திட்டுறதுக்கு ஆளக் காணோமேன்னு வந்தேன்.”