பூனை கடித்த கை

கால்நடை மருத்துவம் படிக்க விண்ணப்பித்துவிட்டு, நாங்கள் குடியேறிய இத்தாலிய நகரில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்துப் பிராணிகள் கிளினிக் ஒன்றில் பயிற்சிக்குப் போனபோது அவரைச் சந்தித்தேன். வன்னிக்காரர், ஒல்லியாக நெடுநெடுவென்று இருப்பார். என்னைப்போல அவரும் பட்டதாரி, அதே நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். எந்தப் பிராணியையும் தொடுவதற்கு முன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார்.

தேர்வு நெருங்கிய வாரத்தில் ஒரு தெருப்பூனை அவர் மணிக்கட்டைக் கடித்தது. மறுநாள் முழங்கைவரை சிவந்து வீங்கியிருந்த கையைச் சட்டைக்குள் மறைத்தார்.

“அண்ணா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ,” என்றேன்.

“இஞ்சை தெரிஞ்சால் என்னை நிப்பாட்டிப்போடுவினம், தங்கச்சி. சோதனை முடியட்டும், போறன்.”

நான் டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் எழுந்து வருவதற்குள் வன்னிக்காரர் வெளியேறியிருந்தார். தேர்வு மண்டபத்துக்கும் அவர் வரவில்லை. தொலைபேசி அணைந்தே கிடந்தது. தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்கு வந்த எங்கள் ஆட்களிடமெல்லாம் விசாரித்தேன்.

எனக்கு இடம் கிடைத்தது. அவருக்கு என்ன ஆனதென்று சொல்ல மட்டும் இன்றுவரை யாருமில்லை.