வீட்டில் வைத்துவிட்டார்கள்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில்கூட மறைத்துவிடலாம், எக்ஸ்ரே அக்காவின் மெஷினில் ஒரு கடுகை மறைக்க முடியாது. விமான நிலையத்தில் அப்படித்தான் பேச்சு. பயணிகளின் கைப்பைகளைச் சோதிக்கும் ஒன்றாம் நம்பர் மெஷினுக்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்ததில் அவளுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். கைப்பையில் கொண்டுபோகக் கூடாத தயிர், தேன், ஜாம், சூப், எது தெரிந்தாலும் பையை ஓரங்கட்டிவிடுவாள். கெஞ்சினால் பொறுமையாகக் கேட்பாள். கேட்டு முடித்துவிட்டுத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போடுவாள்.

மாட்டிக்கொண்டவர்கள் சொல்லும் சாக்கு அநேகமாக ஒன்றுதான்.

"நான் வைக்கலைங்க. வீட்ல வெச்சுட்டாங்க போல."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க," என்பாள் அக்கா. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரையும் அவள் நம்பியதில்லை. பக்கத்து மெஷினில் உட்காரும் சிநேகிதிக்கு ரெண்டாம் நம்பர் என்றே பெயர். அவளும் பதினைந்து வருஷமாக இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள்.

இத்தனை பேரை ஏற்றி அனுப்பிய அக்கா மட்டும் விமானத்தில் ஏறியதே இல்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள் டிக்கெட் அனுப்பிய பிறகுதான் அந்த யோகம் வந்தது. உடனே வாய் சும்மா இருந்ததா? சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் சவால் விட்டாள்.

"என் பையை நீங்க யாரும் ஓரங்கட்ட முடியாது. கட்டிட்டீங்கன்னா என் நாற்காலி ரெண்டாம் நம்பருக்கு!"

ஒன்றாம் நம்பர் நாற்காலி என்றால் லேசுப்பட்டதில்லை. சாய்மானம் உண்டு, ஏசி காற்று நேராக வரும். ரெண்டாம் நம்பர் அன்றிலிருந்தே அதை ஆசையாகத் தடவிவிட்டுப் போக ஆரம்பித்தாள்.

அக்காவுக்குச் சர்க்கரை உண்டு. எண்ணெய்ப் பண்டமும் இனிப்பும் கூடாது, வயிற்றையும் காயப்போடக் கூடாது, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது கொறிக்க வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. அதனால் பயணத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே அவள் புருஷன் சமையல் மேடை முழுக்கப் பரப்பிவிட்டார். டவுன் பஸ் ஓட்டுகிறவர். டிப்போவில் லீவு கிடைக்காததால் கூடப் போக முடியவில்லை. தினமும் காலையில் வண்டி எடுக்கப் போகும் முன் அவளுக்கு டப்பா கட்டிக் கொடுப்பது அவர்தான்.

"பேரீச்சம்பழம் ரெண்டு வெக்கட்டுமா?"

"ஐயய்யோ! கட்டியா ஒட்டிக்கிட்டா ஸ்கிரீன்ல செங்கல் மாதிரி தெரியும்."

"சரி, சீஸ்?"

"அது அதுக்கு மேல. பையைப் பிரிக்காம விடமாட்டாங்க."

"அவிச்ச கொண்டைக்கடலை?"

"குவிச்சு வெச்சா என்னன்னே புரியாது. சந்தேகம் வரும்."

"ஏன்டி, தின்னப் போறது நீயா, மெஷினா?"

அக்கா காதில் வாங்கவில்லை. தட்டையான கண்ணாடி டப்பா ஒன்றில் கேரட் துண்டு பன்னிரண்டு, வெள்ளரி எட்டு, பாதாம் பதினைந்து. பரீட்சை எழுதும் பிள்ளைகள் மாதிரி ஒன்றை ஒன்று தொடாமல் உட்கார்த்தி வைத்தாள். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்துத் தானே மெச்சிக்கொண்டாள்.

"பத்து மணி நேரத்துக்குப் பதினஞ்சு பாதாமா? கிளிக்குக்கூட பத்தாது. மயக்கம் வந்தா என்ன பண்ணுவ?"

"அதெல்லாம் வராதுங்க. சும்மா இருங்க."

அவர் சும்மா இருந்துவிட்டார். அவர் வாயை மூடினால் கை ஏதோ வேலை செய்யும் என்பது முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் மதியம் அக்கா வரிசையில் வந்து நின்றாள். அன்று ஒன்றாம் நம்பரில் உட்கார்ந்திருந்தது சாட்சாத் ரெண்டாம் நம்பர். மற்ற மெஷின்காரர்களும் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தார்கள். அக்கா பையையும் கழற்றிய செருப்பையும் தட்டில் வைத்து, கல்யாணப் பெண் மாதிரி நிமிர்ந்து நடந்து இந்தப் பக்கம் வந்தாள். பைகளை நகர்த்தும் பெல்ட் நின்றது.

ரெண்டாம் நம்பர் ஸ்கிரீனைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். மறுபடியும் ஸ்கிரீனைப் பார்த்தாள்.

"இந்தப் பை உங்களோடதா, அக்கா?"

குளிருக்கு என்று சுருட்டி வைத்திருந்த சால்வைக்குள்ளிருந்து ஒரு டப்பா தயிர் வெளியே வந்தது. கூடவே ஒரு ஸ்பூன்.

"நான் வைக்கலடி," என்றாள் அக்கா. "சத்தியமா நான் வைக்கல. வீட்ல வெச்சுட்டாங்க."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. பதினைந்து வருஷம் காத்திருந்த ரெண்டாம் நம்பர் விடுவாளா?

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க, அக்கா."

அந்த இடமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவளே குனிந்து, "யாரும் பாக்கல, எடுத்துட்டுப் போங்க," என்று கிசுகிசுத்தாள்.

"சும்மா இரு. கொண்டுபோகத்தான் கூடாது, இங்கேயே சாப்பிட்டா யார் கேக்கறது?"

அக்கா தொட்டி ஓரமாக நின்று மூடியைத் திறந்தாள். சர்க்கரை போடாத தயிரில் புருஷன் ஆப்பிளைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டிருந்தார். மூடிக்கு அடியில் ஒரு பஸ் டிக்கெட்டை மடித்து ஒட்டியிருந்தார். பின்பக்கம் அவருடைய கோணல் எழுத்து: 'மாத்திரை போட்டதும் சாப்பிடு. இது மெஷினுக்கு இல்ல, உனக்கு.'

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அக்கா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். காலையிலிருந்து சேர்ந்தது கிடந்தது. யாரோ துணியில் சுற்றிக் கொடுத்த தேன் பாட்டில், நூல் கட்டிய ஒரு டப்பா, குழந்தைக்கு என்று மூடியில் எழுதிய சூப். இருபத்திரண்டு வருஷமாக அத்தனை பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டாள், வழித்துச் சாப்பிட்டாள். காலி டப்பாவுக்குத் தடை இல்லை என்பதால் அதைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"நாற்காலி இனிமே உன்னோடதுடி."

"அட, விளையாட்டுக்குத்தானே அக்கா."

"இல்ல, நீயே வெச்சுக்க. ஆனா ஒண்ணு." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "வீட்ல வெச்சுட்டாங்கன்னு யாராவது சொன்னா, சட்டப்படி எடுத்துத் தொட்டியில போடு. ஆனா நம்பு."