அந்த வாயில் தமிழ் இல்லை

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. காது கேட்காத என் அம்மாவுக்காகத் திண்டிவனம் வீட்டில் பெரிய டிவி ஒன்று வாங்கி மாட்டினேன்.
2. அதில் படமும் தொடரும் பார்க்க நான்கு ஓடிடி நிறுவனங்களுக்கு ஒரு வருடச் சந்தா கட்டினேன். எல்லாம் தமிழில் கிடைக்கும் என்று நான்கு நிறுவனங்களும் விளம்பரம் செய்திருந்தன.
3. அம்மா தினமும் பார்த்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டபோதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள்.
4. ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவளுக்கு அதில் ஒரு சொல்கூடப் புரியவில்லை என்று தெரிந்துகொண்டேன்.
5. அந்த ஐந்து மாதமும் அவள் எதை நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள் என்பதும் அன்றுதான் தெரிந்தது.
6. நான்கு நிறுவனங்களுக்கும் புகார் எழுதினேன். ஒன்றிலிருந்து மட்டும் ஒரு மனிதர் பேசினார்.

நான் விழுப்புரத்தில் ஓர் இணைய இணைப்பு நிறுவனத்தில் தொழில்நுட்ப வேலையில் இருக்கிறேன். ஃபைபர் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பது, வீடுகளில் ரவுட்டர் வைப்பது, டிவியில் செயலிகளைப் போட்டுக் கொடுப்பது எல்லாம் என் வேலை. வார நாட்களில் விழுப்புரத்தில் பெண்கள் விடுதி அறை. சனிக்கிழமை மாலை திண்டிவனத்துக்கு பஸ். அப்பா இல்லை, வீட்டில் அம்மா மட்டும். எதையும் எண் போட்டு எழுதும் பழக்கம் புகார்ப் பதிவேட்டிலிருந்து வந்தது. கோபம் வந்தால் அந்தப் பழக்கம் அதிகமாகிறது.

அம்மா இருபத்திரண்டு வருடம் மல்லாட்டை மில்லில் வேலை செய்தாள். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். தோல் உடைக்கும் மெஷின் ஓடும்போது காதோரம் வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே பெண்கள் கத்துவதே இல்லை. குரல் இல்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசுவார்கள். சல்லடைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, நடுவில் புகைபோலத் தூசி. வீட்டுச் சண்டை, பிள்ளையின் பரீட்சை, பக்கத்துத் தெருக் கல்யாணம் எல்லாம் அப்படியே பேசி முடிந்துவிடும். மேஸ்திரியை அவர் எதிரிலேயே திட்டுவார்களாம். வெற்றிலை மெல்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொள்வாராம்.

அந்தச் சத்தத்தில் அம்மாவின் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சோதித்த டாக்டர், காதுக்குக் கருவி வைத்தால் சத்தம் வரும், சொல் பிரிந்து வராது என்று பொறுமையாக விளக்கினார். வைத்துப் பார்த்தோம். அவர் சொன்னபடியேதான் இருந்தது. ஆனால் நான் பயந்த அளவுக்கு அம்மா பயப்படவில்லை. எதிரில் இருப்பவர் முகம் தெரிந்தால் போதும், பேசுவதைப் படித்துவிடுவாள். ரேஷன் கடை, மார்க்கெட், மகளிர் குழுக் கூட்டம் எங்கும் தனியாகவே போய்வந்தாள்.

தமிழ்ப் படங்களையும் அப்படித்தான் பார்த்தாள். கேமரா முகத்தை விட்டு விலகும்போது வசனம் விட்டுப்போகும். மிச்சத்தை வைத்துக் கதையைப் பிடித்துவிடுவாள். சில கதாநாயகிகள் வந்தால் மட்டும் கேலி செய்வாள்: "இவளுக்குத் தமிழ் வராது பாப்பா. வாய்ல ஒன்னு ரெண்டு எண்ணிக்கினு இருக்கா." நான் சிரிப்பேன். அந்தக் கேலியில் எனக்குத் தேவையான முழுத் தொழில்நுட்பத் தகவலும் இருந்தது. நான் குறித்துக்கொள்ளவில்லை.

ஒன்று போதாமல் ஏன் நான்கு வாங்கினேன்? ஒரு படம் இந்த மாதம் ஒன்றில் இருக்கும், அடுத்த மாதம் இன்னொன்றுக்குப் போயிருக்கும். ஒரு தொடரின் முதல் பாகம் ஓரிடத்தில், இரண்டாம் பாகம் வேறிடத்தில். பார்க்கிறவர்களை நான்கு வாசலிலும் நிற்கவைப்பதற்காகவே இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எனக்குத் தெரியும். தெரிந்தும் நான்கையும் வாங்கினேன். வாரம் முழுக்க அம்மா தனியாக இருக்கிறாள் என்ற குற்ற உணர்வுக்கு அது சுலபமான மருந்தாக இருந்தது. மொழியைத் தமிழ் என்று அமைத்து, ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டிக் கொடுத்துவிட்டு விழுப்புரம் போய்விட்டேன்.

திறந்ததும் முதல் பக்கத்தில் வருவதெல்லாம் வெளிநாட்டுத் தொடர்கள், வேறு மொழிப் படங்கள். உள்ளே போய்த் தேடத் தெரியாத அம்மா அவற்றில் ஒன்றைத்தான் அழுத்துவாள். எல்லாவற்றுக்கும் தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். நான் பார்த்துச் சோதித்தபோது நன்றாகவே இருந்தது. எனக்குக் காது கேட்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முதல் நாள் விக்கிரவாண்டி அருகே லைன் அறுந்துவிட்டதால் சனிக்கிழமை கிளம்ப முடியவில்லை. மறுநாள் மதியம் சொல்லாமல் வந்து சேர்ந்தேன். கதவு திறந்திருந்தது. அம்மாவும், அவளோடு மில்லில் வேலை செய்த அத்தையும் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். உறவில்லை, பழக்கத்தில்தான் அத்தை. அவளுக்கும் காது பாதிதான். திரையில் மழையில் ஒரு பெண் காருக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். எதிரில் ஓர் இளைஞன்.

"இவ அவனுக்குத் தங்கச்சி. அம்மா செத்துட்டாங்கன்னு சொல்லிக்கினு அழுவுறா," என்றாள் அம்மா.

அத்தை அவள் முழங்கையைத் தட்டித் தன் முகத்தைப் பார்க்கவைத்தாள். "தங்கச்சியா? எந்தத் தங்கச்சிய எவன் இப்டிப் பாக்குறான்? அவன் கண்ண பாருடி."

"அப்ப நீ சொல்லு கதைய. ஜல்தி சொல்லு, அவ கார்ல ஏறப் போறா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெண் அவனுடைய மனைவி, விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தெளிவான தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அத்தை போன பிறகு அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, இந்தத் தொடரில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். கதையைச் சொல் என்றேன். ரிமோட்டைத் துடைத்து ஸ்டூலில் வைத்தாள்.

"வாய் அசையுது. ஒன்னும் பிடிபடல," என்றாள். "அந்த வாயில தமிழே இல்ல."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒரு வருசத்துக்குக் கட்டிட்டேன்னு சொன்ன. நடுவுல சொல்லி இன்னா ஆவப்போது? சரி, கலரா இருக்குதுன்னு பாத்துக்கினு இருந்தேன்."

அத்தோடு முடிந்திருந்தால் அது ஒரு வீண்செலவு, அவ்வளவுதான். அவள் முடிக்கவில்லை. புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டே, "காது போனாப்ல வாய் பாக்குறதும் போயிடுச்சின்னு நினைச்சேன் பாப்பா," என்றாள். "நீ பேசுறது தெரியுது. அவ பேசுறது தெரியுது. ரெண்டும் பழகின வாயி. புது ஆளு பேசினா இனிமே தெரியாதுன்னு நினைச்சேன்."

ஐந்து மாதமாக அவள் குழுக் கூட்டத்துக்குப் போகவில்லை. ரேஷன் கடைக்கு அத்தையை அனுப்பினாள். மார்க்கெட்டுக்கு என்னோடு மட்டும் வந்தாள். கேட்டதற்கு முட்டி வலி என்றாள். நானும் தைலம் வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரர் ஒன்று கேட்க, நாம் வேறொன்று சொல்லிவிடுவோமோ, நாலு பேர் சிரிப்பார்களோ என்ற பயத்தில் ஒரு மனுஷி வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டாள். அவளை உட்காரவைத்தது நான் மாட்டிய டிவி. காது கேட்காமல் போனபோதுகூட அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

டப்பிங் என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கினேன். வேறு மொழியில் பேசி நடித்ததன் மேல் தமிழ்க் குரலை ஒட்டியிருக்கிறார்கள், வாயில் இருப்பது அந்த மொழிதான், உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றேன். தலையாட்டினாள். நம்பவில்லை என்று தெரிந்தது. சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள். எனக்குச் சோதித்துப் பார்த்தால்தான் திருப்தி, அவளுக்கும் அப்படித்தான். வெளியே அழைத்துப் போனேன். முட்டி வலி என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், நான் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிர்ப் பக்கம் ஒருவர் கையில் டீயோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். யார் என்று இருவருக்கும் தெரியாது. பஸ் இரைச்சலில் அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. என்ன சொல்கிறார் என்று அம்மாவிடம் கேட்டேன். முதலில் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"பஸ் ஏறிட்டேன், பஸ் ஏறிட்டேன்னு சொல்றான்," என்றாள். இன்னும் கொஞ்சம் பார்த்தாள். "கூட்டமா இருக்குதாம், உக்கார இடமே இல்லியாம். இங்க நின்னு டீ குடிச்சிக்கினு இன்னா பொய் சொல்றான் பாரு."

அவள் குரல் எப்போதும் கொஞ்சம் பெரியது, அவளுக்கே அது தெரியாது. அந்த ஆள் திரும்பிப் பார்த்தார், டீயை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்தார். அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஐந்து மாதம் என்று மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே நான்கு நிறுவனங்களுக்கும் எழுதினேன். கேட்டது ஒன்றுதான்: தமிழில் ஒலிக்கும் படங்களுக்கும் தொடர்களுக்கும் வசனத்தைத் தமிழ் எழுத்தில் திரையின் அடியில் போடுங்கள். இப்போது இருப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில். என் அம்மா தமிழ் படிப்பாள், ஆங்கிலம் படிக்க மாட்டாள். மூன்று இடங்களிலிருந்து இயந்திரம் நன்றி சொன்னது. நான்காவது இடத்தில் போன் எண்ணும் இருந்தது. அழைத்து அரை மணி நேரம் காத்திருந்த பிறகு ஓர் இளைஞர் லைனில் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"தமிழ்ப் படத்துக்கு எதுக்கு மேடம் தமிழ்ல எழுத்து? படமே தமிழ்லதானே இருக்கு?"

அம்மாவுக்குக் காது கேட்காது என்று சொன்னேன். ஒரு நிமிடம் காத்திருக்கச் சொன்னார், பாட்டுப் போட்டார், திரும்பி வந்தார்.

"வீட்ல யாராவது கூட உக்காந்து சொல்லலாமே மேடம்."

நான் குரலை உயர்த்தவில்லை. புகார் எண் கேட்டு வாங்கினேன். மறுநாள் காலையில் அந்த எண்ணுக்கு நேராக ‘தீர்வு காணப்பட்டது’ என்று வந்தது. புகாரைத் தீர்க்காமல் மூடுவது எப்படி என்று எனக்குத் தெரியும். மாதக் கடைசியில் எங்கள் அலுவலகத்திலும் அது நடக்கும். அதனால் அந்தச் சொல் என்னை ஏமாற்றவில்லை, எரித்தது.

அந்த இளைஞர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குக் கொடுத்த தாளில் இருந்ததைப் படித்தார். கோபம் இதுதான்: தமிழில் குரல் கொடுக்கும் முன் யாரோ வசனத்தைத் தமிழில் எழுதியிருக்கிறார்கள். எந்த நொடியில் எந்த வரி என்று குறித்திருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறார்கள். அந்த எழுத்து எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒரு முழுப் படத்தின் வசனமும் சேர்ந்து நாம் போனில் எடுக்கும் ஒரு போட்டோ அளவுக்குக்கூட வராது. கஷ்டம் என்று சொல்ல வழியில்லை. கேட்காத காதுள்ளவர்கள் தமிழ் படிப்பார்கள் என்று அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். சந்தா வாங்கும்போது மட்டும் என் அம்மாவும் ஒரு பார்வையாளர்.

இன்னொரு கோபம் என்மேல். விழுப்புரத்தைச் சுற்றி எத்தனை வீடுகளில் இதே செயலிகளைப் போட்டு, "எல்லாமே தமிழ்ல வருதுங்க" என்று நானே சொல்லியிருக்கிறேன். அந்த வாக்கியத்தை இப்போது சொல்வதில்லை. வீட்டில் யாருக்காவது காது குறைவா என்று கேட்கிறேன். பனமலைப் பக்கம் ஒரு பெரியவர், காதைப் பற்றிக் கேட்டதற்கு என்னை அடிக்காத குறை. கேட்டது அவருக்கு மூன்றாவது முறைதான் விளங்கியது.

அடுத்த வாரம் நான்கிலும் தமிழ் எழுத்தோடு உள்ள படங்களைத் தேடினேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால்தான் தெரியும், தனியாகத் தேட வழி வைக்கவில்லை. மூன்றில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒன்றில் பதினொரு படங்கள் கிடைத்தன. முதல் படத்தைப் போட்டபோது அம்மா எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தாள். அரை மணி நேரத்தில் உரக்க வாசிப்பதை நிறுத்திவிட்டாள். கேமரா திரும்பும்போது கீழே பார்த்தாள், முகம் வரும்போது மேலே பார்த்தாள். "இவன் இன்னா எழுத்துல இருக்கிறத சொல்லாம வேற சொல்றான்?" என்று இரண்டு இடத்தில் பிழையும் கண்டுபிடித்தாள்.

மற்ற மூன்றையும் ரத்து செய்வதற்குப் பட்ட பாடு தனி. பணம் கட்ட ஒரே பக்கம். விலக ஆறு பக்கம். போக வேண்டாம் என்று ஒரு பக்கம் கெஞ்சியது, இன்னொரு பக்கம் காரணம் கேட்டது. தேர்ந்தெடுக்க ஏழு காரணங்கள் கொடுத்திருந்தார்கள். என் காரணம் அதில் இல்லை. ‘மற்றவை’ என்பதை அழுத்திவிட்டு வந்தேன்.

இன்றைய நிலை இது. மூன்று சந்தாக்கள் இல்லை. கட்டிய பணம் திரும்ப வரவில்லை. ஒன்று மட்டும் இருக்கிறது. அதில் தமிழ் எழுத்தோடு இருந்த பதினொரு படங்களில் இரண்டு போன மாதம் அறிவிப்பில்லாமல் எடுக்கப்பட்டன. ஒன்பது இருக்கின்றன. அம்மா ஒன்பதையும் பார்த்துவிட்டாள், சிலவற்றை மூன்று முறை. அது ஐந்துக்குக் கீழே போனால் இதையும் நிறுத்திவிடுவேன். நான்கு புகார்களும் அவர்கள் கணக்கில் முடிந்துவிட்டன. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மறுபடி பதிகிறேன். அம்மா வியாழக்கிழமைதோறும் குழுக் கூட்டத்துக்குப் போகிறாள்.