மாடி இல்லாத வீட்டின் மாடிப்படி

என் கணவர் நெய்வேலி சுரங்கத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தார். ஒரு பகல் ஷிப்டில் இரும்பு மேடையிலிருந்து விழுந்து கால் முறிந்தது. நான் எங்கள் ஊரான வடக்குத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, யூனிஃபார்ம் இல்லாமல் மடிப்புக் கலையாத புதுக் கைலியில் படுத்திருந்தார்.

கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் என்னைத் தனியாக அழைத்தார். "வூட்டு மாடிப்படியில வழுக்கிட்டாருன்னு சொல்லுங்க. செலவ நாங்க பாத்துக்கறோம். மைன்ஸ்லன்னு சொன்னா உள்ள வேலைக்குப் போற கேட் பாஸ் போயிடும். அப்புறம் எங்க பர்மனென்ட் ஆவறது?"

டாக்டரிடம் அப்படியே சொன்னேன். எங்களுடையது ஓட்டு வீடு. மாடியே கிடையாது. அதுகூட அப்போது உறைக்கவில்லை.

நர்ஸ் என் கணவரின் காதைத் துடைத்தார். பஞ்சில் சுரங்கத்தின் பழுப்பு நிலக்கரித் தூள் ஒட்டி வந்தது.

"வேலையிலதானம்மா விழுந்தாரு? நீ சொல்றததான் டாக்டர் எழுதுவாரு. நாளைக்கு நஷ்டஈடு கேட்டா அதத்தான் மொதல்ல பாப்பாங்க" என்றார் நர்ஸ்.

டாக்டரைத் திரும்பக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். அழுகை வரவில்லை.

கேட் பாஸ் போனது. கால் இன்னும் மடங்குவதில்லை. இலவச சட்ட உதவி வக்கீல் வழக்குப் போட்டார். அன்று டாக்டர் எழுதியதை வைத்துத்தான் நஷ்டஈடு கிடைத்தது.

இப்போது எங்கள் தெருவில் யாருக்கு வேலையில் அடிபட்டாலும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். விழுந்த இடத்தை முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வைக்கிறேன். உடுப்பை மாற்ற விடுவதில்லை.

யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு அவருக்குக் கட்டிய அந்தக் கைலியை வாங்க அன்று யாரும் கடைக்குப் போகவில்லையாம். சூப்பர்வைசரின் ஜீப்பிலேயே இருந்ததாம். அதில் இன்னும் இரண்டு புதுக் கைலிகள் மிச்சம் இருந்தன என்றார் என் கணவர்.