பிரமாணப் பத்திரத்தில் தோர்சனின் பெயர்

லுவான் யாகில்ஸ்கியிடம் கடன் சொல்லித் தப்பிக்கலாம், மன்னிப்புக் கேட்டுத் தப்பிக்க முடியாது. எங்கள் பம்பு கம்பெனியில் நான் கொள்முதல் பிரிவு, அவள் சட்டப் பிரிவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் மீன் வறுவலுக்குப் போவோம். எங்கள் ஊர் மில்வாக்கியில் பாதிப் பேர் அந்த நேரத்தில் மீன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள். பிராந்தி கலந்த முதல் கோப்பை காலியாகும்போது லுவான் தவறாமல் தோர்சனைத் திட்ட ஆரம்பிப்பாள்.

அவள் படித்தது சட்டம். படித்து முடித்ததும் நகரின் பெரிய வக்கீல் அலுவலகம் ஒன்றில் தற்காலிக வேலை கிடைத்தது. எங்கள் ஊரில் வழக்கு என்று வந்துவிட்டால் இரண்டு தரப்பும் தங்களிடமுள்ள மின்னஞ்சல், கோப்பு எல்லாவற்றையும் சலித்து, வழக்குக்குத் தொடர்பானதை எதிராளிக்குக் கொடுத்தே தீர வேண்டும். கட்சிக்காரர் தன் வக்கீலோடு அந்தரங்கமாகப் பேசியதை மட்டும் கொடுக்க வேண்டியதில்லை. அதைப் பிரித்து எடுப்பதற்காக அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அறையில் வரிசையாக ஆட்களை உட்கார வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி லுவான். மேல்மாடியில் இருந்த பங்குதாரர் விட் தோர்சன்.

ஒரு கோடைக்கால வெள்ளிக்கிழமை, கடைசிச் சரிபார்ப்பைத் தானே செய்வதாகச் சொன்ன தோர்சன் மதியமே வடக்கே ஏரி வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். சரிபார்க்காமலே எல்லாம் எதிராளிக்குப் போயிற்று. போகக்கூடாத கடிதம் ஒன்றும் சேர்ந்து போயிற்று. நீதிபதி விளக்கம் கேட்டார். தோர்சன் பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'தற்காலிக ஊழியர் லுவான் யாகில்ஸ்கியின் கவனக்குறைவு' என்று அதில் ஒரு வரி.

நீதிமன்றக் கோப்பை யாரும் பார்க்கலாம். அதற்குப் பிறகு அவள் எங்கே விண்ணப்பம் போட்டாலும், பெயரைத் தேடியவர்களின் கண்ணில் அந்த வரிதான் முதலில் பட்டது. சட்டம் படித்தவள் பல வருடம் ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் கலக்கிக் கொடுத்தாள்.

எங்கள் சட்டப் பிரிவின் தலைவி டெனீஸ் வாஷ்பர்னும் அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

"இதை நீங்க பண்ணீங்களா?"

"இல்ல."

"சரி," என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாராம் டெனீஸ்.

எங்கள் வழக்குகளை நடத்துவது தோர்சனின் அலுவலகம் என்று லுவானுக்கு முன்பே தெரியும். "சம்பளத்துக்கா வந்தேன்னு நினைக்கிற?" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். "அவனோட சாப்பாட்டுத் தட்டு எங்க இருக்குன்னு விசாரிச்சிட்டுதான் வந்தேன்."

தட்டை அவள் பிடுங்கிய விதம் அழகு. சலிக்கும் வேலையை வெளியே கொடுக்காமல் நாமே செய்துகொள்ளலாம், நல்ல மென்பொருள் ஒன்று வாங்கினால் போதும் என்று டெனீஸின் காதில் போட்டாள். விற்க வந்தவர்கள் வண்ண வண்ணமாகப் படம் காட்டினார்கள். இவள் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: "யார் எதைத் திறந்தாங்க, எதை அச்செடுத்தாங்கன்னு பதிவாகுமா? அதை யாராவது அழிக்க முடியுமா?" அழிக்க முடியாது என்று சொன்னவனிடமே வாங்கினாள்.

ஒரு வருடத்துக்குள் தோர்சனின் அடித்தள அறைக்கு எங்களிடமிருந்து வேலை போவது நின்றது. தோர்சன் இனி எங்கள் கோப்புகளைப் பார்க்கலாம், குறி போடலாம், கருத்து எழுதலாம். எதிராளிக்கு அனுப்பும் உரிமை லுவானிடம் மட்டும். அந்த மென்பொருளைக் கற்றுக்கொள்ள அவரை எங்கள் தொழிற்சாலைக்கே வரவழைத்தாள். வேறு அறைகள் காலியாக இருந்தும் கொதிகலனுக்குப் பக்கத்து அறையில் உட்கார வைத்தாள். அவர் கோட்டைக் கழற்றிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டாராம்:

"உங்களை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே."

"பெயிண்ட் வாங்க வந்திருப்பீங்க."

அவருக்கு உண்மையாகவே நினைவில்லை. அன்றைக்கு லுவான் மீனைத் தொடாமலே இரண்டாவது கோப்பையைக் கேட்டாள்.

பிறகு பால் பண்ணைக்காரர்கள் எங்கள் மேல் வழக்குப் போட்டார்கள், பம்பு உடைந்து பால் கெட்டுப்போனது என்று. கோப்புகளை ஒப்படைக்க நீதிமன்றம் கொடுத்த கெடு நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் மான் வேட்டை தொடக்கம். அந்த வாரம் இங்கே கல்யாணம்கூட வைக்க மாட்டார்கள். லுவான் தன் பங்கை முந்தின நாளே அனுப்பிவிட்டாள். மிச்சம் ஒரு சின்னக் கட்டு, தோர்சன் பார்த்துச் சரி சொல்ல வேண்டியது. அவரோ காட்டு முகாமில் இருந்தார். அங்கே இணையம் ஒழுங்காக வராது.

வேட்டை முடிந்து திங்கட்கிழமை வந்தபோது எதிராளி நீதிமன்றத்தில் புகார் கொடுத்திருந்தான். வெள்ளிக்கிழமை அவனுக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் தாள்களின் படம். எந்த மின்னஞ்சல் எப்போது போனது, அதோடு எந்தக் கோப்பு இணைந்திருந்தது, ஒன்றும் இல்லை. போதாததற்கு எங்கள் பொறியாளர் டெனீஸுக்கு அந்தரங்கமாக எழுதிய மின்னஞ்சலும் அதில் கிடந்தது. யார் செய்தது என்று பிரமாணத்தோடு சொல்லும்படி நீதிபதி உத்தரவு போட்டார். எழுத வேண்டியவள் லுவான். வேலை அவள் பொறுப்பில் இருந்ததால் தவறும் அவள் தலையில் விழுந்தால், எல்லாம் மறுபடி தோர்சனிடம் போகும். அவள் பெயிண்ட் கடைக்குப் போக வேண்டியதுதான்.

தொலைபேசிக் கூட்டத்தில் தோர்சன் முந்திக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேன் டெனீஸ். இந்த மாதிரி வேலையை வீட்டுச் சமையலா பண்ண முடியாது. உங்க மென்பொருள் சொதப்பிடுச்சு."

"மென்பொருள்லருந்து அது போகவே இல்ல," என்றாள் லுவான். "உங்க காரியதரிசி மார்லிஸ் பேர்ல உள்ள வந்து அச்செடுத்திருக்காங்க. அனுப்புனது உங்க ஆபீஸ்லருந்து."

கொஞ்சம்கூட இடைவெளி விடவில்லை அவர். "அப்ப மார்லிஸ்தான். பாவம், வயசாயிடுச்சு. அவ பேரையே போட்டுடுங்க."

லுவான் மார்லிஸைக் கூப்பிட்டாள். மார்லிஸ் சிரித்தாள்.

"அவர் சொல்லாம நான் ஒரு தாளைத் தொடுவேனா கண்ணு? அச்செடுத்துக் கொண்டா-ன்னார். முகாம் வரைக்கும் நானே கார் ஓட்டிட்டுப் போனேன். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கிட்டே, அனுப்பக்கூடாத தாள்ல பேனாவால கோடு போட்டார். ஸ்கேன் பண்ணி நேரா எதிராளிக்கே அனுப்பிடு, அந்தப் பொம்பளை கிட்டப் போனா லேட்டாகும்-னார்."

"எந்தப் பொம்பளை?"

"நீதான். ஆனா என் பேரையே எழுதிக்கோ. நான் எப்படியும் ஓய்வுக்குப் போறவ."

அன்று சாயங்காலமே தோர்சன் தனியாகக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "பேரெல்லாம் எதுக்கு? 'வெளி வக்கீல் அலுவலகத்தின் பிழை'ன்னு பொதுவா எழுதுங்க. நீதிபதிக்கு அது போதும்."

"போதும்தான்."

"அப்புறம் என்ன?"

"எனக்குப் போதாது."

"உங்களுக்கு என்மேல அப்படி என்னங்க?"

"என் முழுப் பேரைச் சொல்லுங்க பார்ப்போம்."

"லுவான்... யாகி... யாஜில்..."

"வாயில வரல. ஆனா அன்னிக்கு எழுத வந்துச்சு."

"அது எந்தக் காலமோ," என்றார். "நான் அப்ப அவசரத்துல..."

"இப்பவும் அவசரத்துலதான் பண்ணீங்க. அதையும் எழுதியிருக்கேன்," என்று வைத்துவிட்டாள்.

டெனீஸும் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "பேர் இல்லாமலும் இது நிக்கும், லுவான்."

"இதுல எந்த வார்த்தை பொய்ன்னு காட்டுங்க. எடுத்துடறேன்."

டெனீஸ் இரண்டு தடவை படித்தார். ஒரு காற்புள்ளியை மட்டும் மாற்றினார்.

பத்திரம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. நீதிபதி தோர்சனை எழுந்து நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். அந்தரங்க மின்னஞ்சல் திரும்பி வந்தது, மற்றவற்றை ஒழுங்காக அனுப்ப எங்களுக்குக் கெடு நீட்டித்தார்கள். தோர்சனின் அலுவலகம் அவருக்கு 'மூத்த ஆலோசகர்' என்று பட்டம் கொடுத்தது. மேசையும் இல்லை, வழக்கும் இல்லை என்று அர்த்தம். அவருக்கென்று இருந்த காரியதரிசிக்கும் இனி வேலை இல்லை.

மார்லிஸ் லுவானைக் கூப்பிட்டுக் காய்ச்சினாள். "நல்லது பண்ணிட்டதா நினைப்பா? என் பேரைப் போட்டிருந்தா ரெண்டு திட்டோட போயிருக்கும். ஓய்வு நாள் வரைக்கும் இருந்து கேக் வெட்டிட்டுப் போயிருப்பேன். உன் கணக்கை நீ தீர்த்துக்கிட்டே, நடுவுல நான் எதுக்கு?"

லுவான் குறுக்கே பேசாமல் கேட்டாளாம். மன்னிப்பும் கேட்கவில்லை. "அவங்க சொன்னது சரிதான்," என்றாள் என்னிடம். "மார்லிஸுக்காக எழுதல நான். மார்லிஸ் இல்லாட்டியும் அவன் பேரைத்தான் எழுதியிருப்பேன்."

"இப்ப மனசு ஆறிச்சாடி?" என்று கேட்டேன்.

"ஆறணும்னு யாரு சொன்னா?" எலுமிச்சையை மீன் மேல் பிழிந்தாள். "அவன் எழுந்து நின்னப்ப நான் முதல் வரிசையில உட்கார்ந்திருந்தேன். நல்லா இருந்துச்சு."

பரிமாறுகிற பெண்ணைக் கூப்பிட்டு இன்னொரு தட்டு மீன் கொண்டு வரச் சொன்னாள்.