பன் விளைந்த கரை

கண்டி மார்க்கெட்டில் நேற்று ஒருவர் பன்பாயை விரித்துக் காட்டியபோது எழுந்த வாசத்தில், இன்று நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கும் பழைய தெல்தெனியாவில், எங்கள் கடைக்குப் பின்னாலிருந்த ஆற்றங்கரைக்கே போய்விட்டேன். அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாகப் பன்புல் வெட்டிப் பாய் பின்னிய பெண்களில் சீலாவதி அக்காவும் ஒருவர்; காயவைத்த பன்னைச் சிவப்புச் சாயத்தில் வேகவைத்து, ஈரம் தெளித்து அவர் பின்னும் சரசரப்பு எங்கள் கடை வரைக்கும் கேட்கும்.

அணை கட்டுவதற்காகக் காணி அளக்க வந்த ஐயாவுக்கு அக்காதான் புதுப்பாய் விரித்தார். அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் நட்டஈட்டுக்காகப் பலா, தென்னை, எங்கள் கடைச்சுவர் எல்லாவற்றையும் எழுதினார் அந்த ஐயா. அவர்கள் சிங்களத்தில் பேசியது எனக்குத் தமிழாகவே நினைவிருக்கிறது.

“எங்க பன் கரைய எழுதல்லயா, மாத்தயா?”

“அதுக்கு உங்ககிட்ட காணி உறுதிப் பத்திரம் இல்லயே. வெறும் புல்லுதானே?”

எழும்பும்போது ஐயா பாயை ஆசையாகத் தடவிப் பார்த்தார்.

“புது ஊருக்குப் போனதும் எனக்கும் இப்பிடி ஒண்ணு பின்னித் தாங்க.”

“எதுல பின்னுறது, மாத்தயா?” என்றார் அக்கா.