வீழ்படிவைக் காணாத வகுப்பு

சோதனைக் குழாய் இல்லாமல் ரசாயனம் கற்றுக்கொடுப்பது என்ன பாடு என்று இந்தத் தொழிலில் தொண்டை வற்றிய உங்களுக்குத் தெரியும். மலாய் நாட்டுக்கு ஜப்பான்காரன் வந்ததும் எங்கள் பள்ளிக்கூடம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. காஜா பெராங் பகுதியில் நான் குடியிருந்த வீட்டின் முன்னறையில் நாலைந்து பேருக்கு வகுப்பெடுத்தேன்.

இரண்டு தண்ணீர்

முத்துசாமி புக்கிட் ரம்பாய் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. சண்டை முடிந்ததும் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலைக்குப் பரீட்சை எழுத ஆசைப்பட்டு, சைக்கிளில் வருவார். ஈய நைட்ரேட் கரைசலில் பொட்டாசியம் அயோடைடு கரைசலை ஊற்றினால் மஞ்சளாக ஒன்று அடியில் படியும், அதுதான் வீழ்படிவு, சமன்பாட்டில் அதற்குப் பக்கத்தில் கீழ்நோக்கி அம்பு போடவேண்டும் என்றேன். தண்ணீர் போன்ற இரண்டிலிருந்து மஞ்சள் எப்படி வரும் என்று யோசித்தார். காட்ட என்னிடம் ஒரு சொட்டும் இல்லை. அம்பைப் போட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க பார்த்திருக்கீங்க இல்ல சார், அது போதும்."

சவர்க்காரக் கணக்கு

ஒருநாள் ஜப்பான் சிப்பாய் ஒருவன் உள்ளே வந்து கரும்பலகையையே பார்த்தான். எழுத்தும் எண்ணும் அம்புமாகக் கிடந்தால் ரகசியச் செய்தி என்றுதானே தோன்றும்? வீட்டுக்காரம்மா சிட்டி குடும்பத்தவர், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட தமிழர் வழி. தமிழ் வராது, மலாய்தான். சமையலறையிலிருந்து வந்து, இது சவர்க்காரம் காய்ச்சும் கணக்கு துவான் என்று மரியாதையாக, நிதானமாகச் சொல்லி, ஒரு சோப்புக் கட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் போனதும் பலகையைத் துடைத்துவிட்டு, மலாயில் வாத்தியாரை அழைக்கிறபடி என்னைச் சிக்கு என்று கூப்பிட்டுச் சொன்னார்: "இனி எழுதிப் போடாதீர்கள் சிக்கு. என்னிடம் இருந்தது அந்த ஒரு கட்டிதான்."

ஈரத் தரை

அதன்பிறகு தண்ணீரில் விரலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் எழுதினோம். முத்துசாமிக்குப் பொட்டாசியம் அயோடைடுக்கு முன்னால் இரண்டு போட எப்போதும் மறந்துவிடும்.

போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரர்கள் அவருடைய அண்ணனைக் கூப்பிட்டார்கள். அண்ணனுக்குக் கைக்குழந்தை. அவருக்குப் பதில் நான் போகிறேன் என்று முத்துசாமி சொல்லிவிட்டார். கிளேபாங்கில் என் சிநேகிதர் வீட்டில் ஒளிந்துகொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். ஒளிந்தால் அண்ணனைப் பிடிப்பார்கள் என்றார். பிறகு குந்தி உட்கார்ந்து எழுதினார்:

Pb(NO₃)₂ + 2KI → PbI₂↓ + 2KNO₃

முதல் தடவையாக எல்லாம் சரி. அதைச் சொன்னதும் எழுந்து கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "அப்ப வந்ததும் அடுத்த பாடம் ஆரம்பிச்சிடலாம் சார்."

அண்ணன்

சண்டை ஓய்ந்தபின் அண்ணன் மட்டும் என்னைத் தேடி வந்தார். தம்பி சயாமில் காய்ச்சலில் போய்விட்டாராம். உங்களிடம் அவன் என்னதான் படித்தான் என்று கேட்டார். கரைசல், படிவு, அம்பு என்று எனக்குத் தெரிந்தவரை எளிதாகச் சொன்னேன். தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "எனக்கு ஒண்ணும் புரியல சார். இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

என் வகுப்பில் தப்பில்லாமல் சமன்பாடு எழுதிய ஒரே ஆளுக்குப் பரீட்சை வைக்கத்தான் யாருக்கும் கொடுத்துவைக்கவில்லை.